குகையாறு வெளிவரும் இடம்

நீச்சல் பழகப் போவதாக இரத்தினசிங்கம் அண்ணன் என்னிடம் சொன்னபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. லின்ஃபீல்டிலிருந்து ஈஸ்ட் டாமாக்கிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மழை. என் பழைய கொரோலாவின் வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுங்காகத் துடைக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"எதுக்கு அண்ணே இந்த வயசுல நீச்சல்?"

"ஒரு குகைக்குள்ள போகவேணும். வாசல்லயே ஆழத் தண்ணியாம். நீந்தித்தான் உள்ள போகலாமாம்."

எந்தக் குகை என்று நான் கேட்கவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் அதைத் தெரியாதவர்கள் அப்போது குறைவு.

ஐஸ்கிரீம் டப்பா வார்க்கும் தொழிற்சாலையில் நாங்கள் ஒரே ஷிப்டு. நான் திருநெல்வேலிக்காரன். அவர் யாழ்ப்பாணம். கொடிகாமத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். தொண்ணூறில் வடக்கே ரயில் நின்றுபோனது. அதன் பிறகும் சில வாரங்கள் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். வேலை போனதற்காக அவர் நாட்டை விட்டு வரவில்லை. மூத்தவன் பிரணவனுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அந்த வயதுப் பையன் இருக்கிற வீட்டை அந்த நாளில் எல்லோருமே கணக்கில் வைத்திருந்தார்கள், துப்பாக்கி வைத்திருந்த எல்லோரும். அவர் மனைவி அன்னபாக்கியம் அக்காவின் தம்பி இங்கே முன்பே வந்திருந்ததால் அவர் மூலமாக விசா கிடைத்தது. மகனைக் காப்பாற்றத்தான் குடும்பத்தோடு வந்தார்கள். இதை அவர் சொல்லும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார்.

பிரணவனை நான் நான்கைந்து தடவை பார்த்திருக்கிறேன். உயரமான, கைகால் நீண்ட பையன். பல்கலைக்கழகத்தில் மண்ணும் பாறையும் படித்தான். முதல் வருடமே குகைக்குள் இறங்கும் கிளப் ஒன்றில் சேர்ந்துவிட்டான். சனி ஞாயிறுகளில் தெற்கே சுண்ணாம்புக் குகைகளுக்குப் போய், உடம்பெல்லாம் சேறாக வருவான். அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை.

"பங்கருக்குள்ள இருந்து தப்பி வந்தனீ. இப்ப நீயா விரும்பிக் கிடங்குக்குள்ள இறங்கிறாய்."

"பங்கர் வேற அப்பா. அதுக்குள்ள இருந்தால் எப்ப வெளியால போவம் எண்டுதான் இருக்கும். இதுக்குள்ள போகப் போக இன்னும் இருக்கு."

தொண்ணூற்றைந்து கடைசியில் பரீட்சை முடிந்ததும், நடு அமெரிக்காவுக்குப் போகும் ஒரு குழுவில் அவனும் சேர்ந்துகொண்டான். காட்டுக்குள் நடப்பது, மாயா மக்களின் இடிந்த கோயில்களைப் பார்ப்பது, குகைகளில் இறங்குவது. இதற்காக இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தான்.

அதே வாரங்களில்தான் யாழ்ப்பாணத்தில் ராணுவம் வருகிறதென்று சனங்கள் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மழையில் நடந்தார்கள். அக்காவின் தங்கை கொக்குவிலிலிருந்து புறப்பட்டவள். எங்கே போனாள், இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. இங்கே ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் டெலிஃபோன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பரில் ஒரு காலை மணி அடித்தது. அக்கா ஓடிப்போய் எடுத்தார். தங்கையின் செய்தி என்றுதான் நினைத்தார். மறுபக்கத்தில் ஆங்கிலம். ஒன்றும் பிடிபடாமல் ரிசீவரை மகளிடம் கொடுத்தார். நிருஜா அப்போது பள்ளிக்கூடத்துக்குச் சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். தன் அண்ணன் பிரணவன் குகைக்குள் வெள்ளத்தில் போய்விட்டான் என்பதை அந்தப் பிள்ளைதான் முதலில் கேட்டது. கேட்டதைத் தமிழில் சொல்லத் தெரியாமல், "அம்மா, அண்ணாவைக் காணேல்லையாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஒரு சொல்லை அக்கா பிடித்துக்கொண்டார்.

காணவில்லை என்றால் தேடினால் கிடைப்பான். உடல் கிடைக்கவில்லை. அந்த ஊர்ப் போலீசும் வழிகாட்டிகளும் வாரக்கணக்கில் தேடிவிட்டுக் கைவிட்டார்கள். உறவினர்கள் வந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவாவது செய்துவிடுவோம் என்றார்கள். அக்கா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். "உடம்பைக் காணாமல் ஆருக்குச் செய்யிறது?" என்றார். அழவில்லை. என் மனைவி கண்மணி போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "அவங்க அழுதுட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

ஒரு வருடம் அப்படியே போனது. அண்ணன் வேலைக்கு வந்தார், டப்பாக்களை அடுக்கினார், காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினார். தொண்ணூற்றாறு முடிகிற நேரம், அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப் போவதாக அதன் சொந்தக்காரர் சொன்னார். அக்கா வெளியேற மறுத்துவிட்டார்.

"பிள்ளைக்குத் தெரிஞ்சது இந்த வீடும் இந்த ஃபோன் நம்பரும்தான். திரும்பி வந்தால் எங்களை எங்க தேடுறது?"

அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வீடு பார்க்க வருபவர்களுக்கு அக்கா கதவு திறக்கவில்லை. கடைசியில் ஒரு நாள், கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாராம்.

"நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. நீங்கள் கண்ணால பாத்துச் சொன்னால் நான் நம்புறன். வீட்டையும் விடுறன். குகைக்குள்ள போய் அவனைக் கூப்பிட்டுப் பாருங்கோ. நான் கூப்பிட்டால் வருவான். நீங்கள் கூப்பிட்டாலும் பரவாயில்லை."

அப்படித்தான் அவர் நீச்சல் குளத்துக்கு வந்தார். வேலை முடிந்து நானும் கூடப் போவேன். முழங்கால் வரை நீண்ட காற்சட்டை போட்டுக்கொண்டு, ஆழம் குறைந்த பக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைப்பார். தண்ணீருக்குள் முகத்தை வைக்கச் சொன்னால் மட்டும் நடுங்குவார். ஒரு தடவை வெளியே வந்து துண்டைப் போர்த்தியபடி, "மூக்குக்குள்ள தண்ணி போகேக்க எரியுது. அவனுக்கும் எரிஞ்சிருக்கும், என்ன?" என்று கேட்டார். பிப்ரவரியில் இங்கத்திய கோடை முடிவதற்குள் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் போகத் தெரிந்துகொண்டார்.

பிரணவன் போன அதே பயணத்தை வேறு ஒரு குழு மார்ச் மாதம் போக இருந்தது. அங்கே அது மழையில்லாத காலம். அதில் சேர்ந்தார். குழுவில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் பையை அவர் கையில் கொடுத்தார். பிரணவனின் சட்டையும் ஜீன்ஸும். அயர்ன் செய்து மடித்து வைத்திருந்தார்.

"கண்டால் இதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கோ. என்ன கோலத்தில நிக்கிறானோ."

இனி நான் எழுதுவது, அவர் திரும்பி வந்தபிறகு காரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

குழுவில் எல்லோரும் நியூசிலாந்துக்காரர்கள். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது. நீல நிறக் கயிறுகளும் ஹெல்மெட்டுகளுமாக ஒரே சிரிப்பு. வயதானவர்கள் இரண்டு பேர்தான்: அவரும், ஜோன் என்கிற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையும். நீங்கள் தொல்லியல் ஆராய்ச்சியாளரா என்று ஒரு பையன் கேட்டானாம். "நான் ஸ்டேஷன் மாஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் குவாத்தமாலாவில் டிகால் என்கிற பழைய நகரம். காட்டின் நடுவே கல்லால் கட்டிய கோபுரங்கள், மரங்களுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றன. சூரியன் வருவதைப் பார்க்க விடியும் முன்பே கூட்டிப்போனார்கள். படிகள் செங்குத்து. இளம் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். அவர் கையும் காலும் ஊன்றிப் பாதி ஏறியிருந்தபோது காட்டுக்குள்ளிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. தூரத்தில் தொடங்கி, பெருத்து, தலைக்கு மேல் வருகிறாற்போல. அவர் கல்லோடு கல்லாகப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். அது குரங்கு. அந்தக் காட்டில் ஒரு வகைக் குரங்கு அப்படித்தான் கத்துமாம்.

ஜோன் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "எங்கே கேட்டீர்கள், இது போன்ற சத்தத்தை?" என்றாள்.

"பொம்பர்" என்றார், குண்டு போட வரும் விமானத்தை.

அதன் பிறகு பயணம் முழுவதும் அவர் பின்னாலேயே நடந்தாள்.

காட்டில் நடந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. புழுக்கம், உண்ணிகள், பூட்ஸுக்குள் ஊறிய தோல். கிளைகளில் வேர் விட்டுத் தொங்கும் மரங்கள். தரையில் கால் வைக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே ஒரு வீடு புதைந்திருக்கிறது என்று வழிகாட்டி சொன்னானாம். அந்தப் பட்டணத்துச் சனங்கள் எங்கே போனார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். நடந்து போய்விட்டார்கள், ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றான். "எனக்குத் தெரியும் போல இருந்துது" என்றார் அண்ணன்.

அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டிப் பெலீஸ். அங்கே ஆங்கிலம் பேசுகிறார்கள். குகைக்கு வழிகாட்ட வந்தவன் பெயர் எலிசெயோ. மாயா இனத்தவன், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவன். குகை வாசல் பச்சைத் தண்ணீராக இருந்தது. எல்லோரும் ஒவ்வொருவராகக் குதித்து நீந்தினார்கள். அண்ணனும் இறங்கினார். குளத்தில் பழகிய அதே மெதுவான நீச்சல். ஜோன் பக்கத்தில் நீந்தினாள். உள்ளே போனால் இடுப்பளவு ஆறு. தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் அதற்குள்ளேயே நடந்தார்கள். தண்ணீர் சில்லென்று, மிகத் தெளிவாக இருந்ததாம். மகனைக் கொண்டுபோனது இந்தத் தண்ணீரா என்று அவருக்கு நம்ப முடியவில்லை.

பிறகு ஆற்றை விட்டு ஒரு மேட்டில் ஏறினார்கள். பெரிய மண்டபம் போன்ற இடம். உடைந்த பானைகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. அதற்கும் அப்பால் ஒரு எலும்புக்கூடு மல்லாந்து கிடந்தது. ஆயிரம் வருடமாகச் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டி, எலும்பெல்லாம் சர்க்கரை பூசினாற்போல் மின்னியது. பிள்ளைகள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள்.

"என்ன வயசு?" என்று அண்ணன் கேட்டார்.

இருபது இருக்கலாம் என்றான் எலிசெயோ. மழை பொய்த்த காலத்தில் மழைத் தெய்வத்துக்குப் பலி கொடுத்திருப்பார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றான்.

"தாய் தேப்பன் எங்க நிண்டிருப்பினம் எண்டு யோசிச்சன்" என்றார் அண்ணன் என்னிடம். "வாசல்லயோ, வீட்டிலயோ."

அந்த மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, விளக்குகளை அணைக்கச் சொல்வது வழிகாட்டிகளின் வழக்கம். முழு இருட்டு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக. அணைத்தார்கள். கண்ணுக்கு முன்னால் கையை வைத்தாலும் தெரியவில்லை. கீழே ஆறு ஓடும் சத்தம் மட்டும். யாரோ மெல்லச் சிரித்தார்கள், பிறகு அதுவும் நின்றது.

அப்போது அண்ணன் எழுந்து நின்று, "பிரணவன்" என்று கூப்பிட்டார்.

அவருக்கே அது தன் குரல் மாதிரி இல்லையாம். மறுபடி கூப்பிட்டார். "பிரணவன், அம்மா வரட்டாம்." பாறைகள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, பிறகு ஆற்றோடு கொண்டுபோய்விட்டன. அவர் காத்துக்கொண்டு நின்றார். ஒரு விளக்கு எரிந்தது. எலிசெயோ அவருக்கு முன்னால் வந்து முகத்தைப் பார்த்தான்.

"நீங்கள் பிரானின் தகப்பனா?" கூட வந்த பிள்ளைகள் பிரணவனைப் பிரான் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். அவனுக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மற்றவர்கள் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். ஆற்றங்கரைக் கல்லில் அவரை உட்காரவைத்து எலிசெயோ எல்லாவற்றையும் சொன்னான். அன்று அவன்தான் வழிகாட்டி. வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை யாருக்கும் தெரியவில்லை. முதலில் தண்ணீர் கலங்கியது. உடனே எல்லோரையும் மேட்டில் ஏறச் சொன்னான். பிரணவன் கடைசிக்கு முந்தின ஆள். பின்னால் ஒரு பெண் கால் சறுக்கித் தடுமாறினாள். அவளைப் பிடித்து மேலே தள்ளினான். அவள் ஏறிவிட்டாள். எலிசெயோ கை நீட்டியபோது அவன் விரல்கள் கையில் பட்டதாம். பிடிக்க முடியவில்லை.

"ஏதாவது சொன்னவனோ?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லை. நேரம் இருக்கவில்லை."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் பொய் என்று நினைத்திருப்பேன், அவன் அப்படிச் சொன்னதால்தான் நம்பினேன் என்றார் அண்ணன்.

அதன் பிறகுதான் எலிசெயோ இன்னொன்றைச் சொன்னான். இந்த ஆறு மலைக்கு அடியால் ஓடி, எல்லைக்கு அந்தப் பக்கம் குவாத்தமாலாவில் வெளியே வருகிறது. அப்போது அங்கே உள்நாட்டுச் சண்டை. ராணுவம் நின்ற இடம். தேடப் போனவர்களை விடவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் சமாதானம் கையெழுத்தாகியிருக்கிறது. வேண்டுமானால் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

குழு கடற்கரைக்குப் போனது. அண்ணன் போகவில்லை. ஜோனும் கடல் எனக்கு ஆக்லாந்திலேயே இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டாள். மூவருமாக ஒரு பிக்கப் வண்டியில் எல்லை தாண்டி, பிறகு நடந்து, மலையின் மறுபக்கம் போனார்கள். அங்கே பாறைக்கு அடியிலிருந்து ஆறு வெளியே வந்தது. சத்தமே இல்லாமல், அகலமாக, குளம் மாதிரி. கரையில் மரக்கட்டைகள் ஒதுங்கிக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி மக்காச்சோளக் கொல்லைகளும் ஓலைக்கூரை வீடுகளும்.

ஊர் ஆண்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். எலிசெயோ அவர்கள் மொழியில் கேட்டான். இங்கே ஒன்றும் வரவில்லை, நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். சொல்லும்போது தரையைப் பார்த்தார்கள்.

"அவங்கள் சொன்ன விதத்திலயே எனக்கு விளங்கிட்டுது" என்றார் அண்ணன். "எங்கட ஊரில ஆமி வந்து கேட்டாலும் இயக்கம் வந்து கேட்டாலும் நாங்களும் இப்பிடித்தான் சொல்லுறனாங்கள். நிலத்தைப் பாத்துக்கொண்டு."

அவர் எலிசெயோவிடம் சொன்னார்: "நான் அரசாங்கத்து ஆள் இல்லை எண்டு சொல்லும். தேப்பன் எண்டு சொல்லும். எங்கட நாட்டிலயும் சண்டை. எங்கட ஊரிலயும் கடலில, வாய்க்காலில வந்த உடம்புகளைச் சனங்கள் சத்தம் போடாமல் புதைச்சவை. சொல்லப் போனால் சொன்னவனைப் பிடிப்பாங்கள். எனக்குத் தெரியும் எண்டு சொல்லும்."

எலிசெயோ அதைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. பின்னால் ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண், அறுபது வயது இருக்கலாம், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பெட்ரோனா என்று பெயர். துணி துவைக்கப் போனபோது அவள்தான் கண்டாளாம். தண்ணீரில் கிடந்து முகம் அடையாளம் போயிருந்தது. நிறத்தைப் பார்த்துத் தங்கள் ஆள் என்றுதான் நினைத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ராணுவம் கொண்டுபோன பையன்களில் ஒருவன் என்று. சொன்னால் வீட்டுக்கு வீடு விசாரணை வரும். அன்று சாயங்காலமே புதைத்துவிட்டார்கள்.

"என்ன உடுப்பு?" என்று அண்ணன் கேட்டார்.

உடுப்பு பெரும்பாலும் கிழிந்துபோயிருந்தது. குளிப்பாட்டும்போது இடுப்பில் ஒரு கறுப்பு நூல் பார்த்தேன், முடிச்சுப் போட்டிருந்தது, யாரோ தாய் கட்டிவிட்டது என்று அறுக்காமல் விட்டேன் என்றாள்.

பயணத்துக்கு முன்னால் அன்னபாக்கியம் அக்கா அதைக் கட்டிவிட்டிருந்தார். செல்வச்சந்நிதிக் கோயில் நூல். தங்கை எப்போதோ தபாலில் அனுப்பியது. கையில் கட்டப் போனபோது, கூட வாற பிள்ளைகள் என்னவெண்டு கேட்பினம் என்று சொல்லி, சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினானாம் பிரணவன்.

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜோன் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கொல்லைக்குப் பின்னால், காட்டோரமாக அந்த இடம். கற்களை அடுக்கி, பெயரில்லாத மரச் சிலுவை ஒன்று நட்டிருந்தார்கள். அவர் அதை எடுக்கவில்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கற்கள் மேல் ஊற்றினார். தேவாரம் சொல்லத் தொடங்கினார். சிறுவயதிலிருந்து தினமும் சொன்ன பாட்டு. இரண்டாம் அடி வரவில்லை. திரும்பவும் முதல் அடியைச் சொன்னார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெட்ரோனா ஓட்டுச் சட்டியில் நெருப்பு எடுத்து வந்து, மரப்பிசின் தூவிப் புகை காட்டினாள். சாம்பிராணி மணம்தான் என்றார் அண்ணன். பையிலிருந்த சட்டையையும் ஜீன்ஸையும் அவளிடம் கொடுத்து, யாருக்குப் பொருந்துகிறதோ கொடுங்கள் என்றார். அவள் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

வெள்ளத்தில் தடுமாறிய பெண்ணை மேலே தள்ளியது இவருடைய மகன் என்று எலிசெயோ அவர்களுக்குச் சொன்னானாம். ஊர் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "அது எனக்கு ஆறுதலா இருக்கும் எண்டு நினைச்சினம்" என்றார் அண்ணன். மேற்கொண்டு அதைப் பற்றி எப்போதும் பேசவில்லை.

புறப்படும் முன் ஒரு பிடி மண் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அக்காவிடம் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஆக்லாந்து விமான நிலையத்தில் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்கள்: சாப்பாடு, விதை, மண் ஏதாவது இருக்கிறதா. அவர் மறைக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் அரசாங்க வேலை பார்த்த மனிதர். கைக்குட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். அங்கே நின்றவள் ஒரு சமோவாப் பெண். இது என்ன மண் என்று கேட்டாள். சொன்னார். அவள் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. வெளிநாட்டு மண்ணை உள்ளே விட முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். எரித்துத்தான் அழிப்போம், சும்மா வீச மாட்டோம் என்றாள். நீங்களே போட விரும்புகிறீர்களா என்றும் கேட்டாள். அவரே தொட்டிக்குள் போட்டார். கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் வெளியே காத்துக்கொண்டிருந்தேன். பையைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து, "எரிப்பினமாம்" என்றார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

வீட்டு வாசலில் அக்கா நின்றார். அண்ணன் இறங்கியதும் அவர் கண் அண்ணனுக்குப் பின்னால் காருக்குள் போனது. காரில் நான் மட்டும்தான் இருந்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "இரும் தம்பி" என்று அண்ணன் என் கையைப் பிடித்தார். தனியாகச் சொல்லப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

சொன்னார். குகையை, ஆற்றை, அந்த ஊரை. நூலைச் சொன்னபோது அக்கா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டார்.

"குளிப்பாட்டினது ஆர்?"

"ஒரு மனிசி. எங்களிலும் பெரிய வயசு."

"சுடுதண்ணியோ?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "நான் கேக்கேல்லையப்பா."

"நூலை அறுக்கேல்லையோ?"

"இல்லை. தாய் கட்டினதெண்டு விட்டவவாம்."

அக்கா தலையை ஆட்டினார். எழுந்து உள்ளே போனார். நிருஜா அவர் பின்னால் போய், "மம், டாக் டு மீ" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள், வீட்டை விடுகிறோம் என்று வீட்டுச் சொந்தக்காரருக்கு ஃபோன் பண்ண அக்கா சொன்னாராம்.

பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் காரியம் செய்தார்கள். கடல் வற்றியிருந்த நேரம். சேற்றில் வெகுதூரம் நடந்துதான் தண்ணீரைத் தொட முடிந்தது. எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு அண்ணன் திரும்பி வரும்போது கால் புதைந்து விழுந்தார். நானும் அக்காவின் தம்பியும் தூக்கிவிட்டோம். கரையில் அக்கா உலர்ந்த கண்ணோடு நின்றார்.

நியூ லின்னில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்ன வீடு கிடைத்தது. உண்மை தெரிந்துவிட்டது, இனிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிவிடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அப்படி நடக்கவில்லை. காத்திருந்த காலத்தில் அக்கா தினமும் சமைத்தார், வீடு பெருக்கினார், மகன் அறையின் சன்னலைத் திறந்து காற்றாட விட்டார், தபால்காரர் வரும் நேரம் வெளியே வந்து நின்றார். புது வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானம் வரை படுத்திருந்தார். தங்கை உயிரோடு வன்னியில் இருக்கிறாள் என்று கடைசியில் செய்தி வந்தபோது கூட "ஓமோ" என்றார், அவ்வளவுதான். நிருஜா டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டு இன்னும் தூங்கினார்.

ஒரு காலை வேலைக்குப் போகும்போது அண்ணன் கேட்டார்: "நான் ஒண்டும் காணேல்லை எண்டு வந்து சொல்லியிருக்கலாமோ?"

"அப்படிச் சொல்லிட்டு உங்களால இருந்திருக்க முடியுமா அண்ணே?"

"எனக்கு ஏலாது. அவ இருந்திருப்பா."

தொழிற்சாலை வாசலில் காரைத் திருப்பினேன்.

தொண்ணூற்றொன்பதில் எனக்கு ஹாமில்டனில் வேறு வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளக் கண்மணியோடு நியூ லின் போனேன். அண்ணன் பால் வாங்கப் பக்கத்து டெய்ரிக் கடைக்குப் போயிருந்தார். அக்கா எழுந்து வந்து உட்கார்ந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், வீடு வாடகையா சொந்தமா என்று கேட்டார். கண்மணி உள்ளே தேநீர் போடப் போன நேரம், என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"தம்பி, அந்த ஊரில வருசம் முழுக்க மழையோ?"

அண்ணன் வந்து சொன்ன அன்றைக்குப் பிறகு, மகன் கிடக்கும் இடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியலையே அக்கா. அண்ணன்கிட்ட கேளுங்க, சொல்லுவாரு."

"அவரிட்டக் கேக்கேலாது. கேட்டால் அழுவார்" என்றார் அக்கா.